குளிர் ஊரில் குளிர் சூப்பு

சமையல்காரிக்கு எந்த ஊரிலும் கிடைக்கிற முதல் திட்டு "ஆறிப்போச்சு" என்பதுதான். நானோ ஆறவைத்து, அது போதாதென்று ஃபிரிட்ஜிலும் வைத்து எடுத்து, அதையே கிண்ணத்தில் ஊற்றி நீட்டுகிற தொழிலில் இருக்கிறேன். அதுவும் கோடைக்கானலில். கீழே வெயில் தாங்காமல் மலையேறி வருகிற ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேடுவது சுடச்சுட சோளக்கதிர், சுடச்சுட டீ, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. அவர்களிடம் போய், "குளிர்ந்த சூப்பு இருக்குங்க, கொண்டு வரட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அடுப்படியில் நின்று கால் கடுத்தவர்களுக்கும், பந்தியில் பரிமாறி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும்.

என் பெயர் தனம். பிறந்தது பக்கத்து மலைக்கிராமம் கூக்கால், வாக்கப்பட்டது கோடைக்கானல் டவுன். ஏரிக்கு மேலே ஏற்றத்தில் இருக்கிற ஒரு சின்ன தங்கும் விடுதியில் சமையல் பார்க்கிறேன். முதலாளி சேவியர் சார். காய் நறுக்க, அரைக்க, என்னை அதட்ட எனக்குத் துணை ராஜம்மா அக்கா. அக்காவின் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அதனால் நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால் அக்கா மட்டும் "கதைச்சிக்கிட்டு" இருப்பார்.

சிலிண்டர் வராத ஞாயிற்றுக்கிழமை

இந்தச் சூப்பு யாரும் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. மே மாத சீசன், விடுதி நிரம்பி வழிகிறது. மலைப்பாதையில் ஒரு லாரி வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டதால் கேஸ் வண்டி கீழேயே நின்றுவிட்டது. காலைப் பொங்கலை இறக்கும்போதே அடுப்பு கண்ணைச் சிமிட்டியது. கடைசி தோசைக்கு அணைந்தே போனது. சேவியர் சார் அக்கம்பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் போன் போட்டார். எல்லா இடத்திலும் அதே கதை. பின்பக்கம் குளிக்க வெந்நீர் போடுகிற விறகடுப்பு ஒன்று இருந்தது. அதில் சோறும் சாம்பாரும் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் விடுதியில் சாப்பாட்டுக்கு முன்னால் சூப்பு உண்டு. வாசல் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறோம். அதற்கு அடுப்பு ஏது?

ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு வெறுமனே நின்றேன். வெள்ளரிக்காய் இருந்தது, தயிர் இருந்தது, ஒரு கட்டு புதினா இருந்தது. என் தம்பி ஊரிலிருந்து கொடுத்துவிட்ட பீச் பழம் ஒரு பை இருந்தது. என்ன தைரியத்தில் செய்தேனோ தெரியவில்லை, வெள்ளரிக்காயைத் தோல் சீவி, தயிரும் ஒரே ஒரு பல் மலைப்பூண்டும் சேர்த்து அரைத்தேன். பீச் பழத்தை மசித்து வடிகட்டி அதில் கலந்தேன். உப்பு, மிளகுத்தூள், மேலே புதினா. ராஜம்மா அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு சூப்புக் கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கொண்டுபோய் வைத்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தான் முதலில் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தை அப்படியே தூக்கி வாயில் வைத்துக் குடித்து முடித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். சாயங்காலம் ரோடு திறந்து, கேஸ் வண்டி வந்து, இரண்டு பேர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாளைக்கு மதியம் வரைக்கும் இதை மாட்டாம வெச்சிருக்க முடியுமா?"

மங்கி குல்லா மாமா

அன்றிலிருந்து சேவியர் சார் போர்டில் "குளிர் சூப்பு" என்று எழுதிவிட்டார். எழுதுவது அவருக்கு ஒரு சோலி, விளக்கம் சொல்வது எனக்குச் சோலி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாமா வந்திருந்தார். மங்கி குல்லா, கழுத்தில் மஃப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. வெளியே நல்ல வெயில் அடிக்கிறது. கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்ததும் மின்சாரம் அடித்தவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, சில்லுன்னு கெடக்கு?"

"குளிர் சூப்புங்க. இப்படித்தான் குடிக்கணும்."

"சூப்புன்னாலே சூடுதானம்மா. கொண்டு போயி சூடு பண்ணிட்டு வா."

"தயிர் போட்டிருக்குங்க. சூடு பண்ணுனா திரிஞ்சு போகும்."

"திரிஞ்சா திரியட்டும், நான்தான குடிக்கப் போறேன்?"

இதற்கு மேல் வாதாட முடியுமா? கொண்டுபோய்ச் சூடு பண்ணினேன். சொன்னபடியே திரிந்தது. தண்ணீர் ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கமாக ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். மாமா அதை ரசித்து, மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "இப்பத்தான் சூப்பு மாதிரி இருக்கு" என்று குல்லாவைச் சரிசெய்துகொண்டார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கைக் குளிரக் குளிரக் குடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னார்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத தாயி, இவரு ஐஸ்கிரீமையே ஊதி ஊதித்தான் திம்பாரு."

கோணக் கேரட்டு

என் தம்பி மாரி கூக்காலில் கேரட்டும் பூண்டும் போடுகிறான். அந்த வருஷம் அவன் நிலத்தில் கல் அதிகமாகக் கிளம்பி, கேரட்டெல்லாம் இரண்டு கால், மூன்று கால் முளைத்துக் கோணலும் மாணலுமாக வந்திருந்தது. ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கட்டிவிட்டார்கள். தோண்டி எடுக்கிற கூலிக்குக்கூட கட்டாது என்று, பாதிக் காட்டை அப்படியே உழுது மண்ணுக்குள் மடக்கிவிடப் போவதாக மாரி போனில் சொன்னான். குரலே சரியில்லை. மாரி சாதாரணமாக அப்படிப் பேசுகிறவன் இல்லை.

"உழுதுறாதடா, ஒரு மூடை கொண்டா, பாப்போம்" என்றேன். கூக்காலுக்கு வருகிற பஸ்ஸே கொஞ்சம்தான். விடியக்காலை பஸ்ஸைப் பிடித்து வெள்ளனே மூட்டையோடு வந்து நின்றான். கேரட்டை லேசாக வேகவைத்து, இஞ்சியும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்து அரைத்து, குளிரவைத்து மதியம் பரிமாறினேன். அரைத்த பிறகு எது கோணல், எது நேர் என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது கிண்ணம் கேட்டவர்கள் நிறையப் பேர். சேவியர் சார் சீசன் முடிகிறவரை கேரட்டை மாரியிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தெரிந்த இரண்டு விடுதிகளுக்கும் சொல்லிவிட்டார்.

மாரி சமையல்கட்டு வாசலில் நின்று, சாப்பாட்டு அறையில் கிண்ணங்கள் காலியாவதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிண்ணம் அவனுக்கும் கொடுத்தேன். குடித்தான். வாயைத் துடைத்தான். காலையில் வந்தபோது இருந்த முகம் இல்லை.

"யக்கா, இனிமே ஒரு கேரட்டு நேரா வெளைஞ்சுச்சுன்னா அதத்தான் திட்டணும் போல."

பீட்ரூட் மீசை

கல்யாணம் முடித்த கையோடு மலைக்கு வருகிற ஜோடிகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். திருப்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி, வந்த மறுநாளே பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. என்ன சண்டையோ, நமக்குத் தெரியாது. எதிரெதிரே உட்கார்ந்த மேஜையில் அந்தப் பெண்பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். பையன் போர்டைப் பார்ப்பான். காலைச் சாப்பாடு இரண்டு பேருடையதும் அப்படியே திரும்பி வந்தது. "பாவம் சின்னஞ்சிறுசுக, என்னத்தையாச்சும் வயித்துக்குப் போடணுமே" என்று ராஜம்மா அக்கா புலம்பிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குப் பீட்ரூட்டும் பிளம்ஸும் போட்ட சூப்பு. நிறம் அப்படியே சாமந்திக்கு நடுவில் வைத்த செவ்வரளி மாதிரி இருக்கும். பையனுக்குப் பசி தாங்கவில்லை போல. கிண்ணத்தைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தான். இறக்கி வைத்தபோது மேலுதட்டில் காதிலிருந்து காதுவரைக்கும் ஒரு சிவப்பு மீசை. நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவன் மாதிரி இருந்தான். அவனுக்கு அது தெரியாது. மீசையோடு ரொம்பக் கோபமாக அந்தப் பிள்ளையைப் பார்த்தான். அந்தப் பிள்ளை எவ்வளவோ அடக்கிப் பார்த்தது. முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னவென்று தெரியாமல் அவனும் சிரித்தான். பிறகு கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து இன்னும் அதிகமாகச் சிரித்தான். கிண்ணங்களை எடுக்கப் போனபோது அந்தப் பிள்ளை என்னிடம் தணிந்த குரலில் சொன்னது:

"அக்கா, நைட்டுக்கும் இதே சூப்பு வைங்க, இன்னும் ஒரு சண்டை பாக்கி இருக்கு."

பழனிக்குப் போன சூப்பு

பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற சண்முகம் அண்ணாச்சி குடும்பத்தோடு எங்கள் விடுதியில் வந்து தங்கியிருந்தபோது இந்தச் சூப்பைக் குடித்திருந்தார். சித்திரையில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். போன் வந்தது. "தனம், பழனி வெயில் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உள்ளாற வந்ததும் கையில ஒரு கப்பு குடுக்கணும். இதென்னடா புதுசா இருக்கேன்னு அசந்து போகணும்." சேவியர் சார் சரி என்றுவிட்டார். வெள்ளரிக்காய், மோர், பச்சைத் திராட்சை, கூடுதலாக இஞ்சி. இரண்டு பெரிய எவர்சில்வர் கேன் நிறையச் செய்து, தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் போட்டு இறக்கி, விடுதிக்கு வழக்கமாக ஓட்டுகிற ஸ்டீபன் அண்ணன் டாக்ஸியில் ஏற்றினோம். நானும் ராஜம்மா அக்காவும் பின்சீட்டில். ஸ்டீபன் அண்ணனுக்கு வாய் ஓயாது. மலையிறங்குகிறவரை யார் யாருக்கு எங்கெங்கே வாந்தி வந்தது என்று வளைவுக்கு வளைவு கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

பாதி இறக்கத்தில் வண்டி நின்றது. முதல் நாள் மழைக்கு ஒரு பெரிய தைலமரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னால் பஸ், வேன், கார் என்று வரிசை. மரம் அறுக்க ஆள் வரவேண்டும். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஓரத்துக் கட்டைச்சுவரில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்துப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற உறவுக்காரர் விசிறிக்கொண்டே, "மாமா, எனக்கு மனசே சரியில்ல. கெளம்புனதும் மரம் விழுந்து வழிய மறிக்குது. பேசாம வண்டியத் திருப்பிருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தலையை ஆட்டினார். எங்கே போகிறவர்கள் என்றெல்லாம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதருக்கு ஒரு வாய் ஏதாவது கொடுத்தால் தேவலை என்று மட்டும் பட்டது. ஆனால் அண்ணாச்சியின் சூப்பாயிற்றே?

ராஜம்மா அக்கா என்னைப் பார்த்தார். "மனுசன் மயங்கிக் கெடக்குறாரு, நீ என்ன கதைச்சிக்கிட்டு நிக்கிற? தொற." நான் வாயே திறக்கவில்லை, அது வேறு விஷயம். கேனைத் திறந்து ஒரு டம்ளர் கொடுத்தேன். இஞ்சி சேர்ந்ததாலோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். அதற்குள் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் காவடி எடுத்துப் போகிற ஒரு கூட்டம். நான் மூடப் பார்த்தேன். ஸ்டீபன் அண்ணன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வாங்க, வாங்க, வரிசையா வாங்க" என்று கோயில் பிரசாதம் மாதிரி ஊற்ற ஆரம்பித்துவிட்டார். மரத்தை அறுத்துத் தள்ளி வழிவிட்டபோது இரண்டு கேனிலும் அடியில் புதினா இலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மண்டப வாசலில் அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை, நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஏற்கெனவே பதறிக்கொண்டிருந்தவர். "வழியில எல்லாம் குடுத்துட்டோம் அண்ணாச்சி" என்று சொன்னேன். அவர் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, மார்க்கெட்டுக்கு ஓடினோம். தர்பூசணி, தக்காளி, புதினா. மண்டபத்துச் சமையல் மாஸ்டர் நல்ல மனிதர். கிரைண்டரைக் கொடுத்தார், கலர் சோடா பாட்டில் குளிரவைத்த தொட்டியிலிருந்து ஐஸையும் கொடுத்தார். அரைத்து, வடிகட்டி, உப்பும் மிளகும் போட்டு முடிக்கவும், வாசலில் மேளம் கொட்டவும் சரியாக இருந்தது.

வேனிலிருந்து முதலில் இறங்கியவரைப் பார்த்தேன். அந்த வெள்ளை வேட்டிக்காரர். மாப்பிள்ளையின் அப்பா. பெருமாள்மலையில் வீடாம், அவருக்காக வேன் வளைவுக்கு வளைவு நின்று நின்று வந்ததாம். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அண்ணாச்சி தன் கையாலேயே ஒரு கப்பை நீட்டி, "சம்மந்தி, இத நீங்க எங்கயுமே குடிச்சிருக்க மாட்டீங்க" என்றார். அவர் ஒரு வாய் குடித்தார், கப்பைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைக் கண்டுபிடித்துவிட்டார். வேனைத் திருப்பச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் அங்கேயே நின்று சபைக்குச் சொன்னார். அண்ணாச்சி முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. மாப்பிள்ளையின் அப்பா கப்பைக் காலி செய்துவிட்டு அவர் கையைப் பிடித்தார்.

"அங்க குடிச்சது வெள்ளரிக்கா, இங்க குடிக்கிறது தர்பூசணி, ரெண்டுமே நல்லாருக்கு சம்மந்தி; வாங்க, வெரசா தட்ட மாத்திக்கிருவோம்."

பின்வாசல் விருந்தாளி

சூப்பு செய்தால் தோல் நிறையச் சேரும். தர்பூசணித் தோல், வெள்ளரித் தோல், பீச் பழத் தோல் எல்லாவற்றையும் பின்பக்கம் கூடையில் போட்டு வைப்போம். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் அங்கே ஒரு காட்டுமாடு நிற்கிறது. கறுப்பாக, ஒரு ஜீப் உயரத்துக்கு. இப்போதெல்லாம் டவுனுக்குள்ளேயே சாதாரணமாக வந்துவிடுகிறது. நான் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவசரமே படாமல் கூடை முழுவதையும் தின்றது. காலிக் கூடையை ஒரு முறை மூக்கால் புரட்டிப் பார்த்தது. பிறகு வேலியைத் தாண்டி நிதானமாக இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பிறகு கூடையை வெளியே வைப்பதை நிறுத்திவிட்டோம். ஆனால் அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த ராஜம்மா அக்கா பெருமூச்சு விட்டார்.

"உப்பு, ஒறைப்பு, சூடு ஒண்ணும் கேக்காம சாப்புட்டுப் போற ஒரே கஸ்டமரு, அதையும் நீ உள்ள கூப்புடல."

ஸ்டீபன் அண்ணனின் கிண்ணம்

பழனிக்கு எங்களைக் கூட்டிப்போன அதே ஸ்டீபன் அண்ணனுக்கு, மறு வருஷம் வாயில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. மதுரையில் பார்த்தார்கள். புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்து, பிறகு கரண்டு வைத்தியம், அதாவது ரேடியேஷன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது மனிதர் பாதியாகிவிட்டார். வாயெல்லாம் வெந்துபோன மாதிரி. சூடாக ஒரு மடக்கு இறங்காது, காரம் கிட்டவே போகக் கூடாது. வளைவுக்கு வளைவு கதை சொல்கிறவர், ஜாடையில் பேச ஆரம்பித்தார். அதைவிட ஒன்று, எதைச் சாப்பிட்டாலும் ருசியே தெரியவில்லை. "எல்லாம் மண்ணு மாதிரி இருக்காம் தனம். கஞ்சியத் தள்ளி விட்டுர்றாரு. இப்படியே போனா என்ன செய்யிறது?" என்று அவர் மனைவி பிலோமினா அக்கா எங்கள் சமையல்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார்.

புளிப்பு இல்லாமல், மிளகு இல்லாமல், குளிர்ச்சியாக எதுவும் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னேன். தாராளமாகக் கொடுக்கலாம், தெம்பு ஏறுகிற மாதிரி கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப்பழமும் குழைய வேகவைத்த கேரட்டும், ஆறவைத்த பாலும், உப்பு பட்டும் படாமலும். துணியில் வடிகட்டினால்தான் புண்ணில் உரசாது. அதை ராஜம்மா அக்கா யார் கையிலும் கொடுக்காமல் தானே செய்வார். காலையில் முதல் வேலை அதுதான், விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு அப்புறம்தான் எதுவும். சேவியர் சார் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேரிக்காய் சீசன் வந்ததும் அதையும் சேர்த்தோம். முதலில் நாலு கரண்டி இறங்கியது. பிறகு அரைக் கிண்ணம். பிறகு முழுக் கிண்ணம். ஆனால் ருசி எப்படி என்று கேட்டால் மட்டும் ஸ்டீபன் அண்ணன் கையை விரித்துக் காட்டுவாராம். பிலோமினா அக்கா தினமும் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் கேட்பதை நிறுத்திக்கொண்டோம்.

ஒரு மதியம், பந்தி நடுவில், என் போன் அடித்தது. பிலோமினா அக்கா நம்பர். இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாரே என்று கரண்டியைப் போட்டுவிட்டு எடுத்தேன். அந்தப் பக்கம் அக்கா அழுவது கேட்கிறது. என்ன, என்ன என்று கேட்கிறேன். ராஜம்மா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து என் காதோடு காதை வைத்தார். போன் கை மாறுகிற சத்தம். பிறகு கரகரவென்று, தேய்ந்துபோய், ஆனால் யாருடையது என்று சந்தேகமே இல்லாத ஒரு குரல்.

"என்ன தனம், இன்னைக்கு உப்பே பத்தல?"

சூப்பைக் குளிரவைக்க ஃபிரிட்ஜ் இருக்கிறது, குடிக்க வருகிறவர்கள் மனசைக் குளிரவைக்கத்தான் எனக்குச் சம்பளம் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், சேவியர் சாரோ இன்னமும் என்னைச் சமையல்காரி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.